குளிர்நாட்டில் கீர்த்தனும் தபலாவும்

கனடா, இங்கிலாந்து குருத்வாராக்களுக்குக் (சீக்கியர் கோயில்கள்) குளிர்காலத்தில் கீர்த்தன் என்ற பக்திப் பாடல்கள் பாடப் போகும் ராகி ஜத்தா, அதாவது பாடகர் குழு, என்றால் பெரும்பாலும் மூவர்: ஆர்மோனியத்தோடு இருவர், தபலாவுக்கு ஒருவர். முதலில் மக்கர் பண்ணுவது தபலாதான். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு, தோல் இறுகி, சுருதி ஏறிவிடும். தோலைச் சுற்றியுள்ள பின்னலின் விளிம்பைச் சுத்தியலால் கீழிருந்து மேலே மெல்லத் தட்டினால் இறங்கும். வெளிக்குளிரில் இருந்து வந்ததும் உறையைத் திறக்காமல் அரை மணி நேரமாவது அறைச் சூட்டுக்குப் பழக விடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்கவே கூடாது, தோல் கிழிந்துவிடும். வலது கையால் வாசிக்கும் தபலா இரண்டு கொண்டுபோவது நல்லது.

விமானத்தில் போகும்போது தபலா சுத்தியலும் கிர்பானும் (சீக்கியர் அணியும் குறுவாள்) செக்-இன் பெட்டியில். ஆர்மோனியத்தின் துருத்தியைப் பூட்டி, கட்டைகள் மேல் துணி மடித்து வையுங்கள். வில்லால் வாசிக்கும் தில்ரூபாவின் தந்திகளைச் சற்றே தளர்த்தினால் போதும். முழுக்கத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்துவிடும்.

பலர் மறப்பது பாடல் வரிகளைக் காட்டும் திரையை. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு குர்முகி எழுத்து வாசிக்க வராது, திரையில் வரும் ஆங்கிலப் பொருளே துணை. சீக்கியர் புனித நூலான குரு கிரந்த் சாகிபின் 1430 பக்கங்களில் எந்தப் பக்கம், 'ரஹாவு' வரி எது என்று திரை இயக்குபவரிடம் முன்பே எழுதிக் கொடுங்கள். பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருவது அந்த வரிதான்.