பழைய விறகடுப்பு அறைக்குள் புகைந்தால்

அறைக்குள் புகை வந்ததும் புகைபோக்கியைக் கழற்றத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் தெரிய வேண்டியது, அந்த அடுப்பு முன்பு ஒழுங்காக எரிந்ததா, வைத்த நாளிலிருந்தே இப்படித்தானா என்பது. முன்பு எரிந்து இப்போது புகைகிறதென்றால் எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று கசிகிறது, அல்லது விறகு மாறியிருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே புகைந்தால் குழாயின் அளவிலோ உயரத்திலோ கோளாறு. எவ்வளவு துலக்கினாலும் அது தீராது.

அடுத்து, புகை எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். பற்றவைக்கும்போது மட்டும் வந்து பத்து நிமிடத்தில் அடங்கினால், புகைபோக்கி குளிர்ந்து கிடக்கிறது என்று பொருள். சூடான காற்று மேலே ஏறுவதால்தான் இழுப்பு உண்டாகிறது. குழாய்க்குள் நிற்கும் குளிர்ந்த கனமான காற்று கீழே அழுத்தினால் புகைக்கு வழி அறைப்பக்கம்தான். வெளிச்சுவரை ஒட்டிப் போகும் புகைபோக்கிகளில் இது சகஜம். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, திறந்த அடுப்புக் கதவருகே பிடித்தால் புகை உள்ளே போகிறதா, முகத்துக்கு வருகிறதா என்று உடனே தெரியும். முகத்துக்கு வந்தால் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, அடுப்புக்குள் குழாயின் வாய் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே பிடியுங்கள். இழுப்பு திரும்பியதும் ‘குப்’பென்று தீ மேலே சாயும். அதன்பிறகு சுள்ளியை மூட்டுங்கள்.

அப்படியும் திரும்பவில்லையென்றால் அறையின் ஜன்னல் ஒன்றை இரண்டு விரற்கடை திறந்து பாருங்கள். அதோடு புகை நின்றால் அடுப்பில் குற்றமில்லை. வீட்டில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று புகைபோக்கி வழியாகவே இறங்குகிறது. ஃபேனை நிறுத்துங்கள், அல்லது அடுப்புக்கென்று தனியாக வெளிக்காற்று வரும் வழி வையுங்கள்.

விறகைப் பற்றி எல்லோரும் “நல்லா காஞ்சதுதான்” என்பார்கள். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஈரமானி வாங்கினால் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தாதீர்கள். புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். மானி இல்லையென்றால் எரியும் கட்டையின் நுனியைப் பாருங்கள்: நுரை கொப்பளித்து ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் பச்சை. தீயின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், குழாய் சூடேறாது, இழுப்பும் வராது. அதைவிட மோசமானது, புகை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரும்போது குழாயின் உள்சுவரில் கிரியோசோட்டாக, அதாவது எளிதில் தீப்பற்றும் தார் போன்ற கரியாக, படிவது. பச்சை விறகு, அடுப்புக்குக் காற்று போகும் வழியை அடைத்து இரவெல்லாம் புகைய விடுவது இரண்டும் சேர்ந்தால் ஒரே பருவத்தில் குழாய் பாதி அடைத்துவிடும்.

அடைப்பைத் தேடும்போது மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் புகைபோக்கியின் உச்சியில் இருக்கும் தொப்பி. அதில் தீப்பொறி தடுக்கும் கம்பிவலை இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். குழாய் சுத்தமாக இருக்க, வலை மட்டும் தார் பூசியதுபோல் அடைத்திருக்கும். பறவைக்கூடும் அங்கேதான் இருக்கும். பிறகு குழாய். அடுப்பு அணைந்து ஒரு நாளாவது ஆறியபின் குழாயை விரல்முட்டியால் தட்டுங்கள்: வெறும் தகரமாக ஒலித்தால் சரி, மந்தமாக ஒலித்தால் உள்ளே படிவு இருக்கிறது.

துலக்கக் குழாயின் உள்விட்டத்துக்குச் சமமான பிரஷ் வேண்டும்: 6 அங்குலக் குழாய்க்கு 6 அங்குலம். துருப்பிடிக்காத எஃகு உள்குழாய்க்கு பிளாஸ்டிக் மயிர், உள்ளே களிமண் ஓடு பதித்த புகைபோக்கிக்குக் கம்பி மயிர். கம்புகள் மரைகொண்டு ஒன்றோடொன்று பூட்டுபவை. சுழற்றினால் வலப்பக்கம் மட்டும் சுழற்றுங்கள். இடப்பக்கம் திருப்பினால் மரை கழன்று பிரஷ் நடுக்குழாயில் தங்கிவிடும், அதை எடுப்பது தனிப் பாடு. தொடங்குமுன் அடுப்புக் கதவை மூடி இடுக்குகளில் டேப் ஒட்டுங்கள். கொட்டிய கரியைச் சாதாரண வாக்யூம் கிளீனரால் இழுக்காதீர்கள். நுண்தூள் வடிகட்டியைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலே துலக்கிய கரியெல்லாம் அடுப்புக்குள் கூரைபோல் இருக்கும் தடுப்புத் தகட்டின்மேல் குவிந்து நிற்கும். தகட்டைக் கழற்றாமல் மறுநாள் மூட்டினால் முன்பைவிட அதிகமாகப் புகையும். வளைந்த தகடும், இடம் நழுவிய செங்கல்லும் இதே வேலையைச் செய்யும். கரி பொடியாகவோ மொறுமொறுப்பாகவோ இருந்தால் பிரஷ் போதும். கண்ணாடிபோல் பளபளத்து இறுகியிருந்தால் பிரஷ் வழுக்கும். அடுப்பை மூட்டாமல் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அந்தப் படிவு பற்றிக்கொண்டால் புகைபோக்கி ரயில் ஓடுவதுபோல் இரையும். உடனே காற்றுவழிகளை அடைத்து, எல்லோரும் வெளியேறி, தீயணைப்புப் படையை அழையுங்கள்.

கசிவு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. இழுக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியே வராது, அறையின் குளிர்காற்று உள்ளே போகும். குழாய் குளிரும், இழுப்பு குறையும், புகை அடுப்புக் கதவு வழியாக வரும். கோளாறு ஓரிடம், அடையாளம் வேறிடம். அடுப்பு எரியும்போது ஊதுபத்தியை ஒவ்வொரு இணைப்பின் ஓரமாகவும் கொண்டுபோங்கள். புகை எங்கே உறிஞ்சப்படுகிறதோ அங்கே ஓட்டை. புகைபோக்கியின் அடியில் கரி அள்ளும் சிறு கதவையும் மறக்காதீர்கள். குழாய்த் துண்டுகளில் ஒடுங்கிய முனை கீழ்நோக்கி, அடுத்த துண்டுக்குள் இறங்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் வடியும் தார் வெளியே ஒழுகும். இணைப்புக்கு மூன்று திருகாணி. வார்ப்பிரும்பு அடுப்பின் தகடுகள் ஒன்றுசேரும் தையல்களுக்கு, இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் ஃபர்னஸ் சிமெண்ட் எனும் சூடு தாங்கும் பூச்சை அடையுங்கள்.

அடுப்புக் கதவின் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கும் கயிற்றைச் சோதிக்கக் காகிதத் துண்டு போதும். இடையில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு மாற்றும் காலம். பழைய பசையை முழுக்கச் சுரண்டி, அதே தடிமனில் கயிறு வாங்கி, இழுக்காமல் பள்ளத்தில் அமுக்குங்கள். இழுத்து ஒட்டினால் மெலிந்துவிடும்.

ஆரம்பத்திலிருந்தே புகையும் அடுப்புக்கு அளவுகள்தான் பதில். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் மட்டும் புகைந்தால் இதை அளந்து பாருங்கள். 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். படுக்கைவாட்டுக் குழாய் அடிக்குக் கால் அங்குலம் மேல்நோக்கி ஏறட்டும். பழைய செங்கல் புகைபோக்கியில் சிறிய குழாயைச் செருகியிருந்தால் பரப்பைக் கணக்கிடுங்கள்: 6 அங்குலக் குழாய் சுமார் 28 சதுர அங்குலம், 12க்கு 12 செங்கல் கூண்டு 144. ஐந்து மடங்கு விரிந்ததும் புகை வேகமிழந்து குளிர்ந்துவிடும். உச்சிவரை 6 அங்குல உள்குழாய் இறக்குவதே வழி.

கார்பன் மோனாக்சைடு என்னும் கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் ஒன்றும் அறையில் இருக்கட்டும். தணல் அடங்கும் பின்னிரவில் இழுப்பு தளரும். அப்போது கசிவதில் கண்ணுக்குத் தெரியும் புகையே இருக்காது. எல்லாம் சரிசெய்தபின் கதவைத் திறக்கும் விதமும் மாறட்டும்: காற்றுவழியை முழுதும் திறந்து, கதவை இரண்டு செண்டிமீட்டர் விலக்கி அரை நிமிடம் நின்று, பிறகு மெல்லத் திறவுங்கள். இரண்டு வாரம் எரித்தபின், அடுப்பு ஆறியதும் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் கீறுங்கள். படிவு 3 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தால் பிரஷ்ஷை எடுங்கள், அதோடு விறகையும் இன்னொருமுறை பிளந்து பாருங்கள்.