பெட்டியில் 500 வாட்ஸ், 12 வோல்ட்டில் 216

அக்காவின் மகனுக்கு வீடியோ எடிட்டிங் செய்யக் கட்டுகிற கணினிக்கு ரைசன் 5 5600 புரோசசர், ஆர்ரிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் காட், மதர்போட் எல்லாம் வந்துவிட்டன. மிச்சம், சுவர் மின்சாரத்தை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கிற பவர் சப்ளைதான். இந்த ஒரு சாமானுக்குத்தான் கூட மினைக்கெட்டேன். ராம் பழுதானால் ராம் மட்டும் போகும். மட்டமான பவர் சப்ளை போகும்போது மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும்.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடையொன்றில், "தம்பி, உதுக்கு இந்த 500 வாட்ஸ் காணும்" என்று அண்ணை ஒன்றை எடுத்துத் தந்தார். பக்கத்து லேபிளைப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு நேரே 18 அம்பியர். பெருக்கினால் 216 வாட்ஸ். மிச்சத்தை 5, 3.3 வோல்ட் வரிகளில் கூட்டிக் காட்டியிருந்தார்கள். பழைய பென்டியம் காலத்தில் அந்த வோல்ட்டுகளுக்கு வேலை இருந்தது. இப்போது புரோசசரும் கிராபிக்ஸ் காட்டும் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான். 3060க்கு 170, 5600க்கு உச்சத்தில் 76; இரண்டுக்கும் சேர்த்தே 246 ஆகிறது.

"வேறை ஒண்டு காட்டுங்கோ அண்ணை" என்றேன். அடுத்து வந்தது 80 பிளஸ் புரொன்ஸ் (மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றும் என்பதற்கான தரச் சான்று) 550 வாட்ஸ். 12 வோல்ட்டில் 45 அம்பியர், அதாவது 540 வாட்ஸ். என்விடியா 3060க்குச் சொல்வதும் 550தான். லேபிளில் 40 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் முழு வாட்ஸ் தரும் என்று இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். சிலது 25 பாகையில் அளந்த கணக்கு. சித்திரை, வைகாசி வெக்கையில் எங்கள் அறைகளுக்கு அது பொருந்தாது. அதையே வாங்கினேன்.

புரொன்ஸ் என்றால் 550இல் 85 வீதம்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கணினிக்கு 550உம் கிடைக்கும். சுவரிலிருந்து அதைவிடக் கூட இழுக்கும். இது விளங்கினால்தான் யூபிஎஸ் கணக்குச் சரிவரும். மற்றப் பாகங்களுக்கு ஒரு 50 சேர்த்தால் கணினிக்கு ஏறக்குறைய 300 வாட்ஸ். 85 வீதத் திறனில் சுவரில் 353. மொனிற்றருக்கு இன்னும் 25. வீட்டிலிருந்த யூபிஎஸ் 650 விஏ, ஆனால் பின்பக்கம் எழுதியிருந்தது 360 வாட்ஸ். முழு வேலையில் இருக்கும்போது கரண்ட் போனால் அது தாங்காது. 2022 மின்வெட்டுகளைக் கண்ட எவரும் இதைச் சும்மா விடமாட்டார்கள்.

சிநேகிதனிடம் 1000 விஏ, 600 வாட்ஸ் யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி, வீடியோ ரெண்டர் ஓடும்போதே யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஆக்ரிவ் பிஎப்சி (மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று) உள்ள சில பவர் சப்ளைகள் மலிவான யூபிஎஸ்ஸின் படிப்படியான அலையோடு ஒத்துப்போகாமல் நின்றுவிடும். இது நிற்கவில்லை. பவர் சப்ளையின் மோலெக்ஸ் வயர் முனையில் மல்ரிமீற்றர் வைத்து 12 வோல்ட்டைப் பார்த்தேன்: சும்மா இருக்கையில் 12.08, முழுப் பாரத்தில் 11.97. 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருந்தால் சரி.

ஆசையில் பவர் சப்ளையின் மூடியை மட்டும் கழற்றாதேங்கோ. உள்ளே பெரிய கொள்ளளவியில் (கப்பாசிற்றர்) 400 வோல்ட் அளவில் மின்சாரம் தேங்கி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும்.

இனி அக்கா வீட்டில் வேலை. அங்கே பழைய சொக்கற்றில் எர்த் இல்லை, கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்கிறது. முதலில் வயர்மனைக் கூப்பிட்டு எர்த் போடவேண்டும். பிறகு 1000 விஏ ஒன்று சொந்தமாக வாங்கவேண்டும்.