வெள்ளிக்கிழமை மூன்றரை மணி

வடமேற்கு லண்டனில் ஒரு மனநலக் குழுவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கோல்டர்ஸ் கிரீன், ஹெண்டன் பக்கத்து யூதக் குடும்பங்கள் நிறையப் பேர் எங்களிடம் வருவார்கள். இங்கே சொல்லப்போகிறவரை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஒரு டிசம்பரில் பத்தொன்பது வயதுப் பையனின் ஃபைல் என் மேசைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு முறை நேரம் கொடுத்தும் வரவில்லை. ‘ஆர்வமில்லை’ என்று எழுதி மூடுகிற நிலை. டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். யூதர்களின் வார ஓய்வு நாளான சபாத் வெள்ளி மாலையே தொடங்குகிறது; அதற்கான விளக்கை மூன்றரை வாக்கில் ஏற்றியாக வேண்டும். அப்புறம் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை பஸ் கிடையாது, போன் கிடையாது. கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கேட்காதவர்களில் நானும் ஒருத்தி.

செவ்வாய்க்கு மாற்றினோம், வந்தான். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், யூத உணவு விதிப்படி செய்தது என்று காட்டும் கோஷர் முத்திரை இல்லை, சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டான். மூன்றாவது சந்திப்பில்தான், கம்பளத்தைப் பார்த்தபடி, தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்றான். வீட்டில் தெரிந்ததும், ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்ற ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சியில் ஜோனா என்ற யூத அமைப்பு காசு வாங்கிக்கொண்டு இதைத்தான் செய்தது. 2015இல் ஜூரி அதை நுகர்வோர் மோசடி என்றே தீர்த்தது. இவனிடம் மாறியது தூக்கம் மட்டும்தான். சில இரவுகளில் சாவைப் பற்றி யோசிப்பதாகவும் சொன்னான்.

“தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போனால் என்ன?” என்று கேட்டேன். பயிற்சி வகுப்பில் கைதட்டல் வாங்குகிற யோசனை.

“போகலாம். வெள்ளி ராத்திரி எங்கே சாப்பிடுவேன்?”

பதில் இல்லை என்னிடம். தொழுகை, பாட்டு, அப்பா தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பது, அம்மா பின்னிய ஹல்லா ரொட்டி, எதையுமே விட அவனுக்கு மனசில்லை. வீட்டை விட்டால் நிம்மதி என்று நான் நினைத்தேன். அவன் பயந்ததே அந்த வெள்ளி ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் தன் நாற்காலி போய்விடுமோ என்றுதான்.

அடுத்து பாதுகாப்புத் திட்டம் எழுத உட்கார்ந்தோம். நெருக்கடி வந்தால் கூப்பிட ஒரு எண் கொடுத்தேன். “சனிக்கிழமை வந்தால்?” என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மருத்துவமனைக்கு வந்துபோகும் ரபி, அதாவது யூத மதகுரு ஒருவரிடம் ஓடினேன். மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவு, நரைத்த தாடி. எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ‘பிகுவாக் நெஃபெஷ்’ என்றார்: உயிரைக் காப்பது சபாத்தையும் தாண்டிய கடமை. “கூப்பிடலாம் என்று சொல்லாதீர்கள். கூப்பிட்டே ஆக வேண்டும், கூப்பிடாததுதான் பாவம் என்று சொல்லுங்கள்.” போகும்போது ஒரு கையேட்டைப் பற்றியும் சொன்னார். பிரிட்டனின் தலைமை ரபி எஃப்ரெய்ம் மிர்விஸ் 2018இல், தன்பாலீர்ப்புள்ள, திருநர் யூதர்களுக்கான கெஷெட் யூகே அமைப்பின் உதவியோடு, ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளுக்காக வெளியிட்டது. தன்பாலீர்ப்புள்ள, திருநர் மாணவர்களின் நலனைப் பற்றியது. படித்தேன். யூத வேதமான தோரா தன்பாலுறவுக்கு விதித்த தடையை அது தளர்த்தவில்லை. ஆனால் கேலியும் கொடுமையும் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவும் இல்லை. எனக்கு முழுத் திருப்தி இல்லைதான். அவனுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது; தன் மதத்து ஆள் ஒருவர் எழுதியது அல்லவா.

திட்டப் படிவத்தில் எண்ணுக்குக் கீழே ‘பிகுவாக் நெஃபெஷ்’ என்ற அந்த இரண்டு சொற்களை எபிரேய எழுத்தில் அவனே எழுதினான்.

பிப்ரவரியில் ஒரு திங்கள் காலை பதிவேட்டைப் புரட்டினேன். ‘சனி, மதியம் 2.10. அவரே அழைத்தார். நாற்பது நிமிடம்.’

மறுநாள் வந்தவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அம்மா வெளியே நிற்கிறார், வரச் சொல்லட்டுமா?” என்றான். மதம் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: “மகளுக்கு வரன் பார்க்கிறோம். இந்த ஃபைலை யார் யார் பார்ப்பார்கள்?”

லண்டனின் ஹாரோ பகுதியில் நம் தமிழ் அம்மாக்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வி. ஒவ்வொருவராகச் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டார்.