வெப்பி ரெடி, ஆனா போறது ஜேபெக்

சொந்த சர்வர்ல வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்துற சாஃப்ட்வேர்) ஓட்டுறவங்க கொஞ்சம் கவனிங்க. படத்தைச் சுருக்குற பிளகின், எல்லாப் படமும் வெப்பி (WebP, ஜேபெக்கை விடப் பொதுவா சின்னதா வர்ற பட ஃபார்மேட்) ஆயிடுச்சுன்னு பச்சை டிக் காட்டும். ஃபோல்டர்லயும் ஃபைல் இருக்கும். ஆனா பக்கம் அதே மந்தம்தான்.

பிரவுசர்ல எஃப்12 தட்டி, நெட்வொர்க் டேப்ல படத்தோட கன்டென்ட்-டைப் (வந்த ஃபைல் எந்த வகைன்னு சர்வர் சொல்ற வரி) பாருங்க. நேத்து நண்பரோட தளத்துல 'இமேஜ்/ஜேபெக்'னே வந்தது. அங்க பிளகின், ஜேபெக்குக்குப் பதிலா வெப்பியை அனுப்புன்னு சொல்ற தன்னோட விதிகளை எழுதி வெச்சது .எச்டிஆக்சஸ் (.htaccess) ஃபைல்ல. அப்பாச்சிங்கிற சர்வர் சாஃப்ட்வேர் அதைப் படிக்கும். ஆனா அவர் தளம் ஓடுறது என்ஜின்எக்ஸ்ங்கிற (Nginx) வேற சர்வர் சாஃப்ட்வேர்ல; அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதே விதியை என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல சேர்த்து ரீலோட் பண்ணதும் வெப்பி வந்துடுச்சு.

நடுவுல சிடிஎன் (ஃபைல்களை நகல் எடுத்து வெச்சு, பார்க்குறவங்களுக்குப் பக்கத்துல இருந்து அனுப்புற சர்வர்கள்) இருந்தா, 'வேரி: அக்செப்ட்' ஹெடரை (பிரவுசர் எந்த ஃபார்மேட்டை ஏத்துக்கும்னு பார்த்து நகலைத் தனித்தனியா வெச்சுக்கோன்னு சொல்ற வரி) அது மதிக்குதான்னு அவசியம் பாருங்க. இல்லன்னா பழைய பிரவுசருக்கும் வெப்பியே போய் படம் தெரியாது. ஒரிஜினல் படங்களை மட்டும் தயவுசெஞ்சு அழிச்சுடாதீங்க.