ஓட்டு வீட்டுக்குக் கூரை மாற்றியது: வரிசைக் கணக்கு, மரக் கணக்கு, பணக் கணக்கு

வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். சுவருக்குச் சுவர் 20 அடி அகலம், 30 அடி நீளம். செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, இரண்டு பக்கச் சாய்ப்பு. மேலே பனங்கையும் (பனைமரக் கைமரம்) சீமை ஓடும். கைமரம் (முகட்டிலிருந்து சுவர்வரை சாய்வாக இறங்கும் மரம்), ரீப்பர் (அதன்மேல் குறுக்கே அடித்து ஓடு மாட்டுகிற சட்டம்), ஓடு மூன்றையும் மாற்றுவதுதான் வேலை. மழை முடிந்த கையோடு தையில் அளந்து, பங்குனிக்குள் மூடிவிட வேண்டும் என்பது திட்டம். சித்திரையில் கோடை மழை எந்த நாளும் வரலாம்.

தை, முதல் வாரம்: அளவு

கொத்தனார்கள் வாய்க்கணக்காகச் சொல்லும் தொகை பெரும்பாலும் தரையளவை வைத்து வருவது. தரை 600 சதுர அடி. கூரை அதுவல்ல. 30 டிகிரி சாய்ப்பில், 10 அடி அரை அகலத்துக்கு முகடு 5 அடி 9 அங்குலம் உயரும். சுவருக்கு வெளியே 2 அடி தாழ்வாரம் சேர்த்தால் சாய்ப்பின் நீளம் கிட்டத்தட்ட 14 அடி. இரண்டு ஓரமும் ஒவ்வொரு அடி நீட்டினால் நீளம் 32 அடி. இரண்டு சாய்ப்பும் சேர்ந்து 896 சதுர அடி. தரையைவிடப் பாதி அளவு கூடுதல். 600-க்குக் கூலி பேசிவிட்டு 896-க்கு வேலை நடக்கும்போதுதான் பாதியில் தகராறு வருகிறது.

சாய்ப்பைக் குறைத்து மரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். 25 டிகிரிக்குக் கீழே போனால், காற்றோடு அடிக்கிற மழை ஓட்டின் மேல்மடிப்புக்குள் ஏறி உள்ளே சொட்டும். அந்த ஒழுகலைப் பிறகு எதைப் பூசியும் நிறுத்த முடியாது.

தை, இரண்டாம் வாரம்: ஓட்டை வைத்து ரீப்பரை முடிவு செய்தல்

சதுர அடிக் கணக்கில் 100 சதுர அடிக்கு 140 ஓடு என்பார்கள். 896-க்கு 1,254 வருகிறது. அதை நம்பி வாங்கியிருந்தால் கடைசி வரிசை நிற்காது. வரிசை வரிசையாக எண்ணினால்தான் சரியான கணக்கு கிடைக்கும்.

கடையிலிருந்து முதலில் 12 ஓடு மட்டும் கொண்டுவந்து, தரையில் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்று கொக்கி மாட்டி அடுக்க வேண்டும். எல்லாவற்றையும் முடிந்தவரை இழுத்துவிட்டு, இரண்டாவது ஓட்டின் தலையிலிருந்து பன்னிரண்டாவதன் தலைவரை ஒரு அளவு. முடிந்தவரை நெருக்கித் தள்ளிவிட்டு இன்னொரு அளவு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 10-ஆல் வகுத்தால் ரீப்பர் இடைவெளி. இந்த ஓட்டுக்கு அது 12½ அங்குலம் வந்தது. அகலவாக்கிலும் இதேபோல் பார்த்ததில் ஓர் ஓடு 8¼ அங்குலம் மூடுகிறது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அச்சு மாறும். பழைய ரீப்பரின் இடைவெளியைப் பார்த்துப் புது ஓட்டுக்கு அடித்தால், ஒன்று மடிப்பு போதாமல் போகும், அல்லது கொக்கி உட்காராமல் ஓடு ஆடும்.

14 அடி என்பது 168 அங்குலம். 12½-ஆல் வகுத்தால் பதின்மூன்றரை வரிசை அளவில் நிற்கிறது. அரை ஓடு வெட்டிப் போடுவது மோசமான வழி. வெட்டிய ஓட்டில் கொக்கியும் போகும், மடிப்பும் போகும். மாற்ற வேண்டியது தாழ்வாரத்தைத்தான். 13 வரிசை என்றால் தாழ்வாரம் 1 அடி 9 அங்குலமாகக் குறையும். 14 என்றால் 2 அடி 7 அங்குலமாகக் கூடும். சுண்ணாம்புச் சுவரில் சாரல் படக் கூடாது என்பதால் 14. நீளவாக்கில் 47 ஓடு, மொத்தம் 32 அடி 4 அங்குலம். இரண்டு அங்குலம் இந்த ஓரம், இரண்டு அங்குலம் அந்த ஓரம் கூடுதலாக நீட்டினால் ஓர் ஓடுகூட வெட்ட வேண்டியதில்லை.

47 × 14 × 2 = 1,316. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து முழு எண்ணாக 1,400. முகட்டு ஓடு ஒன்று ஏறத்தாழ ஒரு அடி மூடும்; 36 வாங்கினால் போதும்.

மாசி, முதல் வாரம்: மரம்

பணம் போகிற இடம் இதுதான். கைமரம் 2 அடிக்கு ஒன்று, 17 ஜோடி, ஆக 34. ஒவ்வொன்றும் 15 அடி, 4-க்கு 3 அங்குலம்: 42½ கன அடி. ரீப்பர் 2-க்கு 1 அங்குலம், ஒரு சாய்ப்புக்கு 15 வரி (14 வரிசைக்கு 14, தாழ்வார ஓரத்துக்கு ஒன்று), வெட்டுச் சேதம் சேர்த்து 1,060 ஓட்ட அடி: 14.7 கன அடி. மொத்தம் 57 கன அடிக்கு மேல்.

ஓட்டுக்கடையில் ஓர் ஓட்டுக்கு 5 ரூபாய் கூடக் கேட்டால் மொத்தத்தில் கூடுவது 7,000. மரவாடியில் கன அடிக்கு 500 கூடினால் 28,500. ஆனாலும் நான்கு ஓட்டுக்கடை ஏறி இறங்குகிறவர்கள் மரத்துக்கு ஒரே வாடியோடு நின்றுவிடுகிறார்கள். ஓட்டை நல்லதாக எடுங்கள். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சொத்தென்று கேட்டால் வேகாத ஓடு. பேரத்தையும் நாளையும் மரத்துக்குச் செலவிடுங்கள். அறுத்த வேங்கை மரத்தில் வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) எது, வெளிறு (பட்டையை ஒட்டிய மெத்து மரம்) எது என்று நிறத்திலேயே தெரியும். வெளிறு ஒட்டியிருக்கிற கட்டையைக் கன அடிக்கணக்கில் சேர்க்க விடக்கூடாது. உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) முதலில் ஏறுவது அதில்தான்.

பழைய பனங்கை 34-இல் 23 நன்றாகவே இருந்தது. சுவரில் பதிந்த முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழே மாவு கொட்டினால் உளு, மண் பூச்சு ஏறியிருந்தால் கரையான். அந்த 23-ஐ வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் மாற்றலாமே என்றால், பனங்கையின் கனம் ஒன்றுபோல் இருக்காது. அறுத்த மரத்தோடு கலந்தால் ரீப்பர் அலையலையாக நிற்கும், ஓடு உட்காராது. மொத்தமும் மாற்றுவது என்று முடிவு. நல்ல பனங்கை மாட்டுக் கொட்டகைக்குப் போனது. தேக்கு முகட்டு வளை (உச்சியில் கைமரங்களைத் தாங்கும் நீள மரம்) அப்படியே இருக்கிறது.

பணத்தை எப்படிக் கொடுப்பது

ஓடும் மரமும் வீட்டுக்காரர் வாங்குவது, கூலி மட்டும் காண்ட்ராக்ட். கூலி சாய்ப்பின் மேல் அளந்த சதுர அடிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து. முன்பணம் 15 சதவீதம், கைமரமும் ரீப்பரும் ஏறியதும் 40, ஓடு வேய்ந்ததும் 35, மீதி 10 முதல் பெருமழைக்குப் பிறகு. பழைய ஓடும் மரமும் யாருக்கு, சாரத்துக்கும் இறக்குக் கூலிக்கும் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். கடைசி நாள் சண்டை முக்கால்வாசி இந்த மூன்றில்தான்.

கையிருப்பாக 15 சதவீதம் தனியே வைக்க வேண்டும். ஓட்டைப் பிரித்தால்தான் சுவர்த்தட்டு (சுவர்மேல் கிடந்து கைமரங்களைத் தாங்கும் மரம்) கண்ணில் படும். இங்கே மேற்குப் பக்கத்தில் 10 அடி உளுத்திருந்தது.

வங்கியில் வீட்டுப் பழுதுக் கடன் எடுப்பவர்கள், பழைய வரித் திட்டத்தில் இருந்தால், அதன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம். ஓடு, மர ரசீதுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

மாசி கடைசி, பங்குனி: வேலை

பிரிக்கும்போதும் வேயும்போதும் இரண்டு சாய்ப்பும் சேர்ந்தே போக வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் வேய்ந்துவிட்டு மறுபக்கம் வந்தால் முகட்டு வளை ஒரு பக்கமாகத் தள்ளும். ஓடு ஒன்று 2½ கிலோ என்றாலும் மொத்தம் மூன்று டன்னுக்கு மேல், நனைந்தால் இன்னும் கூடும்.

கைமர முனையைச் சிமெண்டில் புதைக்கக் கூடாது. மூன்று பக்கமும் விரல் நுழைகிற காற்றிடம் விட்டு, முனைக்குத் தார் பூச வேண்டும். பனங்கை உளுத்த 11 முனையும் பின்னாளில் சிமெண்ட் வைத்து அடைத்தவை.

தாழ்வார ஓர ரீப்பர் மற்றவற்றைவிட ஓர் ஓட்டுக் கனம் உயரமாக இருக்க வேண்டும். முதல் வரிசை ஓட்டுக்கு அடியில் வேறு ஓடு இல்லாததால், சமமாக அடித்தால் அது மட்டும் வால் தாழ்ந்து நிற்கும், இரண்டாவது வரிசையோடு வாய் பிளக்கும். இதை மறந்து அடித்த 8 அடியைப் பிடுங்கி மறுபடி அடித்தோம்.

2018 நவம்பர் 16 கஜா புயல் இந்தப் பக்கத்து ஓட்டு வீடுகளைப் பிய்த்தது நினைவிருக்கும். காற்று ஓட்டை அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது; அதுவும் ஓரங்களில்தான் பலமாக. தாழ்வாரத்தை 2 அடி 7 அங்குலம் நீட்டியதற்கு விலையாக, கீழ் இரண்டு வரிசையும் இரண்டு ஓரத்து ஓடுகளும் ஒவ்வொன்றாக ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியால் ரீப்பரோடு கட்டப்பட்டன. அதற்கு ஒன்றரை நாள் கூடுதல் கூலி. கடலோர மாவட்டத்தில் இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

முகட்டு ஓட்டுக்குக் கலவை சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. வெறும் சிமெண்ட் கலவை வெயிலில் வெடிக்கும். ஓட்டை நன்றாக நனைத்து, ஓரத்துக்கு மட்டும் கலவை வைத்து உட்கார வைப்பது போதும். உள்ளே நிரப்பினால் ஈரம் தங்கி முகட்டு வளைக்குக் கேடு.

கடைசி அளவு 942 சதுர அடி. கூலிக்கணக்கு அதற்கே முடிந்தது.

சித்திரை: மழை

முதல் பெருமழையில் இரண்டு இடத்தில் சொட்டு. ஒன்று, நடந்தபோது விரிசல் விட்ட ஓடு. ரீப்பருக்கு மேலே மிதிக்காமல் நடுவில் மிதித்திருக்கிறார்கள். இன்னொன்று, முகட்டுக் கலவை துண்டு ஒன்று உருண்டு மடிப்பில் சிக்கி ஓட்டைத் தூக்கியிருந்தது. இரண்டும் அரை மணி நேர வேலை. மறுநாள் அந்த 10 சதவீதம் கைமாறியது.

உடைந்தது இறக்கும்போது 12, வேயும்போதும் பிறகும் 19. மீதி 53 ஓடும் கொல்லைச் சுவரோரம் செங்குத்தாக அடுக்கியிருக்கிறது. பத்து வருஷம் கழித்து இந்த அச்சு கடையில் கிடைக்காது.