48 மில்லிமீட்டர்

மார்ச் 3

இன்றைக்கும் அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை. நாளைக்குக் கேட்கச் சொன்னார்கள்.

மேசையில் ஷூ டப்பா நிறைய ஸ்ப்ரூ. எட்டு வருஷமாகக் கட்டிய பிளாஸ்டிக் மாடல் கிட்களில் பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய வெறும் சட்டங்கள். ஒரு துண்டைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். கழற்றிய ஆணியைத் துடைத்து பாட்டிலில் போட்டு வைக்கிறவர் அவர்.

அவரையே செய்யப் போகிறேன். 1/35 அளவில். உயரம் 168 சென்டிமீட்டர். 35-ஆல் வகுத்தால் சரியாக 48 மில்லிமீட்டர். மீதி இல்லாமல் வகுபட்டது ஏனோ நிம்மதியாக இருந்தது. புதிதாக எந்தப் பிளாஸ்டிக்கும் வாங்கக்கூடாது. உடம்பு முழுக்க டப்பாவில் இருப்பதிலிருந்துதான்.

மார்ச் 4

நிறம் பிரித்ததோடு சரி. சாம்பல், மணல், கரும்பச்சை, கொஞ்சம் கறுப்பு.

மார்ச் 5

கூழ் போட்டாயிற்று. ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி, கால் பாட்டில் பிளாஸ்டிக் சிமென்டில் போட்டு, இறுக மூடி வைத்தேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் நெடி தலைக்கு ஏறியது.

சிமென்ட் என்று பெயர்தான். அது பாலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, கரைக்கிற திரவம். ஒட்ட வேண்டிய இரண்டு பரப்பையும் இளக்கி, ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். கூழும் அப்படித்தான். காய்ந்த பிறகு அது மேலே பூசிய பட்டியாக நிற்காது, உடம்போடு உடம்பாகிவிடும்.

இரண்டு துண்டு மட்டும் கரையாமல் அடியில் கிடந்தன. சக்கரத்துக்குள் வைக்கிற மெத்தென்ற பாலிஎத்திலீன் வளையங்கள், எப்படியோ கலந்திருக்கின்றன. எந்தச் சிமென்டுக்கும் அசையாத ஜாதி. பொறுக்கி எடுத்தேன்.

அக்கா போன் பண்ணினாள். புதிதாக ஒன்றுமில்லை.

மார்ச் 7

தோள்.

கால்கள் நேற்றே முடிந்தன. தடித்த ஸ்ப்ரூ இரண்டை முழங்கால் இடத்தில் பாதி வெட்டி, லேசாக மடக்கி, வெட்டில் சிமென்ட் விட்டதும் நிற்கிற மனிதனின் கால் வந்துவிட்டது. இடுப்பும் நெஞ்சும் நான்கு துண்டுகளைச் சேர்த்து ஒட்டிச் செதுக்கியது. தலை ஆறரை மில்லிமீட்டர். அதெல்லாம் கணக்கு, கணக்கு கை கொடுக்கும்.

தோளுக்கு வந்ததும் பிளேடு நின்றுவிட்டது. அவருக்கு ஒரு தோள் சற்றே இறங்கியிருக்கும். எந்தத் தோள்? கண்ணை மூடினால் அவர் நடந்து வருகிறார்; தோளைப் பார்க்கப் போனால் முகம்தான் தெரிகிறது. இத்தனை வருஷம் பார்த்த மனுஷர். போட்டோக்களைத் தேடினேன். ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றில் யாருக்கோ பின்னால் நிற்கிறார், மற்றதெல்லாம் அவர் எடுத்தவை, அதனால் அவர் இல்லை.

"வலது தோள்தான், பை மாட்டி மாட்டி இறங்கிடுச்சு" என்றாள் அக்கா. எனக்கு இடது என்றே தோன்றுகிறது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். படுத்திருக்கிறவருக்கு இரண்டு தோளும் சமம்.

மார்ச் 8

வரவில்லை.

மார்ச் 9

பையின் வாருக்கு இழை இழுத்தேன். மெழுகுவர்த்திச் சுடருக்கு ஒரு விரல் மேலே ஸ்ப்ரூவை உருட்டிக்கொண்டே பிடிக்க வேண்டும். சுடருக்குள் போனால் கரும்புகைதான். சில நொடிகளில் நடுவில் பளபளப்பு ஏறும், துண்டு தன் எடைக்கே தொய்யும். அப்போது வெளியே எடுத்து, ஒரு மூச்சு விட்டு, இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் தலைமுடி. நிதானமாக இழுத்தால் நூல். சதுர ஸ்ப்ரூவை இழுத்தால் இழையும் சதுரமாகவே வரும். அத்தனை மெலிந்த பிறகும் தன் வடிவத்தை விடாது. பிறகு அதன் பக்கத்தில் ஊதுபத்தி நுனியைக் காட்டினால் சுருங்கி விறைக்கும், இழுபடுவதற்கு முன்னால் இருந்த நீளத்துக்கே திரும்பப் பார்க்கிற மாதிரி.

பதினாறு இழை இழுத்தேன். தேவை ஒன்றுதான். நிறுத்த மனம் வரவில்லை.

மார்ச் 11

தப்பு பண்ணிவிட்டேன். முதுகில் சட்டைச் சுருக்கம் எடுக்கக் கூழை ஒரே தடவையாகத் தடிமனாக அப்பினேன். மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூச வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் அவசரம். உள்ளே சிக்கிய சிமென்ட் ராத்திரி முழுக்க அடிப் பிளாஸ்டிக்கையும் இளக்கியிருக்கிறது. காலையில் பார்த்தால் ஆள் முன்பக்கமாக வளைந்து நிற்கிறார்.

அப்பா இன்னும் அப்படி வளையவில்லை. பார்க்கப் பார்க்க ஆத்திரமும் அழுகையும். இடுப்புக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டேன். மறுபடி நெஞ்சிலிருந்து.

மார்ச் 12

மூக்குக்கண்ணாடி. அசலில் ஒரு வட்டம் 42 மில்லிமீட்டர் என்று வைத்தால் எனக்கு வேண்டியது 1.2. இழையை 1 மில்லிமீட்டர் துளை போடும் ஊசியில் சுற்றி, கொதிநீரில் முக்கி, பிளேடால் நெடுக ஒரு கீறல். சின்னச் சின்ன வளையங்களாக உதிர்ந்தன. இரண்டு நல்லவை கிடைப்பதற்குள் பதினோரு வளையம் போனது. ஒன்று தும்மலில் பறந்தது.

மார்ச் 13

அக்காவோடு சண்டை. தோளைப் பற்றி இல்லை.

மார்ச் 14

எடுத்துப் போனேன். சாம்பல் பிரைமர் மட்டும் அடித்திருந்தது; பிரைமர் ஏறினால்தான் கீறல் எல்லாம் தெரியும், நிறைய தெரிந்தது. இரண்டு தோளையும் சமமாக விட்டிருந்தேன்.

உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். விரலால் தொடவில்லை.

"எதுலடா செஞ்ச?"

"மிச்சத்துலப்பா. எல்லாம் பழைய ஸ்ப்ரூ."

"ம்." ரொம்ப நேரம் கழித்து, "மிச்சத்தை எல்லாம் வச்சிருந்தியா?"

பிறகு ஜன்னல் வரைக்கும் நடக்க வேண்டும் என்றார். ஒரு கை என் மேல். ஆறு எட்டு வைத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தனியாக நின்றபோது நான் பின்னால் நகர்ந்தேன்.

வலது. அக்கா சொன்னதுதான்.

மார்ச் 15

வலது தோளைச் சீவினேன். உப்புத்தாள் 400, அப்புறம் 600. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவுதான், அவர் வந்துவிட்டார்.

அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன். பதில் எழுதவில்லை, கூப்பிட்டாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

மார்ச் 16

சீவின இடத்தில் மெல்லிசாக ஒரு கூழ்.

மார்ச் 17

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்களாம். காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் இரண்டு பேரும் வரணுமாம்.

தோளை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். இன்னும் இளக்கமாகத்தான் இருக்கிறது. செருப்பு வேறு பாக்கி, கறுப்பில் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்