பெட்ரோமாக்ஸ் மேண்டில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட போட்டோ

ஜனவரி கடைசி வாரம்

வீட்டு பாத்ரூமில் கருப்பு வெள்ளை பிலிம் கழுவ ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. ஜன்னலுக்குக் கருப்பு சார்ட், கதவிடுக்கில் பழைய போர்வை, வாளி மேல் ஒரு பலகை, பலகை மேல் மூன்று ட்ரே, இவ்வளவுதான் என் இருட்டறை. இதுவரை கேமராவில் எடுத்ததைத்தான் கழுவியிருக்கிறேன், இப்போது கேமராவே இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று இறங்கியிருக்கிறேன். இந்தக் கிறுக்குக்குக் காரணம் கோடாக் கம்பெனியின் ஒரு பழைய கதை.

1945 கடைசியில் கோடாக்கின் எக்ஸ்ரே பிலிம்களில் சிலவற்றைக் கழுவினால் கருப்புப் புள்ளிகள் விழுந்தன. வெளிச்சமே படாத பிலிம். கம்பெனியின் இயற்பியலாளர் ஜூலியன் வெப் துருவிப் பார்த்ததில், பிலிமோடு சேர்த்துக் கட்டும் வைக்கோல் அட்டைதான் குற்றவாளி என்று தெரிந்தது. போர்க்காலத்தில் ரேடியம் பூசிய கடிகார முட்கள், மீட்டர்கள் செய்யும் இடங்களின் குப்பை பழைய காகிதத்தோடு கலந்து அட்டைக்குள் வந்துவிடுகிறது என்று கோடாக்குக்கு முன்பே அனுபவம் உண்டு. அதனால்தான் கச்சாப் பொருளைத் தன் கண்காணிப்பில் வைத்திருந்த ஆலைகளில் மட்டும் அட்டை வாங்கினார்கள். அப்படியும் புள்ளி விழுந்தது. இந்தத் தடவை ரேடியமும் இல்லை. வெப் கண்டுபிடித்தது சீரியம்-141, சுமார் 32 நாளில் பாதியாகிவிடும் பொருள், இயற்கையில் கிடைக்காது, யுரேனியமோ புளூட்டோனியமோ பிளக்கும்போது உண்டாகும். அட்டை தயாரானது இண்டியானா மாநிலத்தில் வபாஷ் ஆற்றங்கரையில் உள்ள வின்சென்ஸ் என்ற ஊரில். ஜூலை 16 அதிகாலை நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் டிரினிட்டி சோதனையில் வெடித்த முதல் அணுகுண்டின் தூசி 1,600 கிலோமீட்டருக்கும் மேல் காற்றோடு போய், மழையோடு இறங்கி, ஆற்றுத் தண்ணீர் வழியாகக் காகிதக் கூழுக்குள் போயிருக்கிறது. அட்டை ஆலையில் ஓடிய தேதி 1945 ஆகஸ்ட் 6. ஆமாம், ஹிரோஷிமா நாள். அது தற்செயல்தான், தூசி டிரினிட்டியுடையது, ஆனாலும் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சரி, பிலிம் இவ்வளவு நுணுக்கமான சாட்சி என்றால் நம் வீட்டிலேயே ஒரு சாட்சி விசாரணை நடத்திப் பார்க்கலாமே என்று தோன்றியது. கதிரியக்கப் பொருளுக்கு எங்கே போவது? பெட்ரோமாக்ஸ் மேண்டில்! (சிரித்தாயிற்றா? தமிழனிடம் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் காத்திருக்கத்தான் வேண்டும்.) அந்த வலைத்துணியைத் தோரியம் நைட்ரேட்டில் ஊற வைத்துத்தான் செய்வார்கள், எரிந்தபின் மிஞ்சும் தோரியம் ஆக்சைடுதான் வெள்ளையாகச் சுடர்விடும். அந்தத் தோரியம் எங்கள் பக்கத்துச் சரக்கு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு மணவாளக்குறிச்சி கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் தேடி வந்ததே மேண்டில் தொழிலுக்காகத்தான்.

பிப்ரவரி 8

பிலிம் கிடைத்துவிட்டது. பல் டாக்டர் நண்பர் ஒருவர், "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துருது, எடுத்துட்டுப் போங்க" என்று காலாவதியான அரை டப்பா பல் எக்ஸ்ரே பிலிம் கொடுத்தார். இதைப் போல வசதி கிடையாது. ஒவ்வொரு பிலிமும் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய வெளிச்சம் புகாத பாக்கெட்டில் இருக்கும், உள்ளே கருப்புக் காகிதம், பின்பக்கம் ஒரு ஈயத்தகடு. வெள்ளைப் பக்கத்தின் மேல் மேண்டிலை வைத்து ரப்பர் பேண்ட் போட்டால் வேலை முடிந்தது. ஆல்ஃபா கதிர் உறையைத் தாண்டாது, பீட்டா தாண்டும், அது போதும்.

கடையில் புது மேண்டில் வாங்கி மூன்று நாள் வைத்தேன். கழுவினால் ஒன்றுமே இல்லை. இளநீலக் கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது.

பிப்ரவரி 17

ஏழு நாள் வைத்தேன். இந்தத் தடவை பிலிம் முழுக்க ஒரே சாம்பல். அம்மாவிடம் போய்க் காட்டினேன், "இது என்னல, மழைக்கு முந்தின வானம் மாதிரி இருக்கு" என்றாள். எனக்கோ ஒரே சந்தோஷம், கதிரியக்கம் வந்துவிட்டது என்று. அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போது சந்தேகம் வந்தது. மேண்டில் படாத ஓரங்களும் அதே சாம்பலாகத்தானே இருந்தன?

மறுநாள் ஒரு புது பிலிமைப் பிரித்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, என் சிவப்பு பல்புக்குக் கீழே மூன்று நிமிஷம் வைத்துவிட்டுக் கழுவினேன். நாணயம் வட்டமாக, அழகாக, தெளிவாக விழுந்திருந்தது. போச்சு. சாமி ரூமிலிருந்து எடுத்த ஜீரோ வாட்ஸ் பல்பு, பூசிய சிவப்பு, அது சிவப்போடு மற்ற வெளிச்சத்தையும் வெளியே விட்டிருக்கிறது. ஆக நான் படம் எடுத்தது கதிரியக்கத்தை அல்ல, பிள்ளையாருக்கு எரிந்த பல்பை.

இனிமேல் கும்மிருட்டு, கையால் தடவித்தான் வேலை.

மார்ச் 2

பத்து நாள் வைத்த மூன்றாவது பிலிமும் காலி, சுத்தமான நீலம். இப்போது மேண்டில் மேல்தான் சந்தேகம். விசாரித்ததில், இப்போது வரும் மேண்டில்கள் பலவற்றில் தோரியமே கிடையாது, இட்ரியம் போடுகிறார்கள். இட்ரியத்தில் கதிரியக்கம் இல்லை. உறையிலும் எதுவும் போடவில்லை. தோரியமே இருந்தாலும் புதுசு என்றால் பலம் குறைவு: தோரியத்தைச் சுத்தம் செய்யும்போது அதன் பிள்ளை குட்டிகளான ரேடியம் வகையறா பிரிந்து போய்விடும், உறையைத் தாண்டி பிலிமைக் கருப்பாக்குகிற பீட்டா பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் வருகிறது, அதில் ரேடியம்-228இன் அரை ஆயுளே ஐந்தே முக்கால் வருஷம். மேண்டில் ஊறுகாய் மாதிரி, பழசாக ஆக ஏறும். எனக்கு வேண்டியது பழைய சரக்கு.

தாத்தா பந்தல், லைட் வாடகைக்கு விட்டவர். ஊர் வீட்டுப் பரணில் ஏறினேன். மூன்று மணி நேரத் தூசிக்கும் ஒரு தேள் தரிசனத்துக்கும் பிறகு, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் நெருப்புப்பெட்டி அளவு உறையில் ஆறு மேண்டில்கள், ஒன்றுகூடப் பற்ற வைக்காதது. குறைந்தது நாற்பது வருஷப் பழசு.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மேண்டிலைக் கொளுத்தாதீர்கள், அதன் சாம்பல் மூச்சோடு உள்ளே போகக் கூடாது. நான் ஜிப் கவருக்குள் போட்டு ஒட்டிவிட்டு, கவரோடுதான் பிலிம் மேல் வைக்கிறேன். கையைக் கழுவாமல் எதையும் தொடுவதில்லை. அடுப்படிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை, அதில் அவள் சொல்வது முழுக்கச் சரி.

மார்ச் 12

எட்டு நாள் வைத்தேன், கழுவும்போது கெடுத்தேன். படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர் திரவம் 20 டிகிரியில் இருக்க வேண்டும், எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் மார்ச்சிலேயே 32. எப்போதும் ஐஸ் வைத்துக் குளிர்விப்பேன், அன்றைக்கு அவசரம். டெவலப்பரிலிருந்து, படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவுக்கு மாற்றும்போது விரலில் ஏதோ வழவழவென்று வந்தது, லைட்டைப் போட்டால் பிலிம் மேல் பூச்சு தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி சுருண்டு கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் கருப்பாக ஏதோ தெரிந்தது. அது மேண்டிலா இல்லையா என்று சொல்ல முடியாது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு பல் பிலிமுக்கே இப்படி. யோஷிட்டோ மட்சுஷிகேவை நினைத்துக்கொண்டேன். ஹிரோஷிமாவின் சுகோகு ஷிம்புன் பத்திரிகை போட்டோகிராபர். குண்டு விழுந்த இடத்திலிருந்து 2.7 கிலோமீட்டர் தள்ளி அவர் வீடு, அதனால் பிழைத்தார். அன்றைக்கு மாமியா சிக்ஸ் கேமராவோடு வெளியே போனார், கையில் 24 படத்துக்கான பிலிம். மியுகி பாலத்தருகே தோல் உரிந்து தொங்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, கேமராவைத் தூக்கவே இருபது நிமிஷம் ஆயிற்றாம். நகரத்துக்குள் பத்து மணி நேரம் சுற்றியும் ஷட்டரை அழுத்தியது ஏழே தடவை. கழுவ இருட்டறை இல்லாததால், ஏறக்குறைய இருபது நாள் கழித்து ராத்திரியில் வெட்டவெளியில் கழுவி ஓடைத் தண்ணீரில் அலசினார். தேறியது ஐந்து படம். ஆகஸ்ட் வெயில் காலத்து ஜப்பான், தெர்மாமீட்டர் கிடையாது, ஐஸ் கிடையாது. குண்டு விழுந்த அன்றே ஹிரோஷிமா நகருக்குள் மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று இன்று நாம் பார்ப்பதெல்லாம் அந்த ஐந்தை வைத்துத்தான். பூச்சு உரியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு, ஒரு கழுவுகிறவனாக, இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அதற்கப்புறமும் அமெரிக்க ஆக்கிரமிப்புத் தணிக்கை வந்தது, அது முடிந்த 1952இல்தான் இந்தப் படங்கள் பரவலாக வெளியே வந்தன.

மார்ச் 26

வந்துவிட்டது!

பன்னிரண்டு நாள். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ட்ரேக்குள் மிதக்கவிட்டு 21 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். ஐந்து நிமிஷம் டெவலப்பர், பத்து நிமிஷம் ஹைப்போ, இருட்டுக்குள் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், வெளியே அம்மா "ஏல, உள்ள என்ன தவமா?" என்று கதவைத் தட்டுகிறாள். லைட்டைப் போட்டால் பிலிம் நடுவில் அடர்ந்த சாம்பலில் ஒரு பட்டை, மேண்டிலை மடித்து வைத்த இடத்தில் இரட்டைக் கருப்பு, அதன் ஓரத்தில் வலைப்பின்னல் மங்கலாக, ஈரத்துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் தெரியுமே அந்த மாதிரி. கண்ணிகளை எண்ண முடியவில்லை, ஆனால் வலை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். விளக்கு எரியவே இல்லை, நாற்பது வருஷம் டப்பாவுக்குள் கிடந்தது, அங்கேயும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது.

1946 ஜூலையில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த இரண்டு குண்டுகளுக்குப் பிறகு இதே வித்தையை மீனை வைத்துச் செய்தார்கள். அந்தக் கடலில் பிடித்த ஒரு மீனைக் காய வைத்து போட்டோத் தட்டின் மேல் வைக்க, மீன் தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. வயிற்றில் கடைசியாகத் தின்ற பாசி பளிச்சென்று தெரியும், செதில்கூட வரிவரியாகத் தெரியும். என் மேண்டில் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை, நல்ல காலம்.

ஏப்ரல் 14

மேண்டிலுக்கும் பிலிமுக்கும் நடுவில் அதே ஒரு ரூபாயை வைத்து இரண்டு வாரம். இந்த யோசனை என்னுடையது இல்லை, 1896இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கரல் யுரேனிய உப்புக்கும் போட்டோத் தட்டுக்கும் நடுவில் ஒரு செம்புச் சிலுவையை வைத்தார். பாரிஸில் வெயில் வராததால் மேஜை இழுப்பறைக்குள் போட்டு வைத்தார், கழுவினால் சிலுவையின் நிழல். கதிரியக்கம் என்ற விஷயமே அந்த மேகமூட்டத்தால்தான் கிடைத்தது.

என் நாணயமும் விழுந்தது. சுற்றிலும் சாம்பல், நடுவில் வெளிறிய வட்டம். பார்த்ததும் நினைவு போனது ஹிரோஷிமா சுமிடோமோ வங்கியின் கல்படிக்கு. குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து 260 மீட்டர், வங்கி திறக்கக் காத்து உட்கார்ந்திருந்த ஒருவர். வெப்பக் கதிர் சுற்றியிருந்த கல்லை வெளுக்க வைத்தது, அவர் மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்தில் கருப்பாக நின்றது. 1971இல் அந்தப் படிகளைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். என் பிலிமில் நிழல் வெள்ளை, அந்தக் கல்லில் நிழல் கருப்பு. நெகடிவும் பாசிடிவும். கல் நேராக பாசிடிவே போட்டுவிட்டது, கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லாமல். இந்த ஒப்பீட்டை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாணயம் நாணயம்தான், அவர் ஒரு ஆள். ஆனால் மனசுக்குள் வந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிலிமுக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. விழுந்தது என்ன குண்டு என்று ஜப்பானியருக்கே முதலில் நிச்சயமில்லை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த செஞ்சிலுவை மருத்துவமனையில் இருப்பிலிருந்த எக்ஸ்ரே பிலிம்கள் பிரிக்காமலே கருத்துப் போயிருந்தன. ஆகஸ்ட் 8 அன்று இயற்பியலாளர் நிஷினா வந்து சேர்ந்தார், 10ஆம் தேதி ராணுவ, கடற்படைக் கூட்டத்தில் அணுகுண்டுதான் என்று முடிவானது, அதற்கான சான்றுகளில் இந்த பிலிம்களும் ஒன்று.

கோடாக் கதைக்கு ஒரு வால் உண்டு, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1951 ஜனவரியில் நெவாடாவில் சோதனைகள் தொடங்கியதும் நியூயார்க் மாநிலத்தில் கோடாக் இருக்கும் ராச்செஸ்டரில் பெய்த பனியிலேயே கதிரியக்கம் தெரிந்தது. பிலிம் கம்பெனிகள் கத்தியதும், அமெரிக்க அணுசக்தி ஆணையம் சோதனைத் தேதிகளையும் காற்று எங்கே போகும் என்பதையும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஒப்புக்கொண்டது. அதே தூசியில் இருந்த அயோடின்-131 புல்லில் விழுந்து, மாடு தின்று, பாலாகிப் பிள்ளைகளின் கழுத்துச் சுரப்பிக்குப் போனது. அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு யாரும் தேதி சொல்லவில்லை. பிலிம் பாழாகக் கூடாது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 20

கண்ணி தெளிவாக விழ வேண்டுமென்றால் பாக்கெட்டைப் பிரித்து, இருட்டிலேயே பிலிமை மேண்டிலோடு நெருக்கி, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை மட்டும் வைத்து, வெளிச்சம் புகாத டப்பாவில் மூடிவிட வேண்டும். நேற்று ராத்திரி செய்துவிட்டேன். பழைய டிபன் பாக்ஸ் (இனிமேல் அதில் யாரும் சாப்பிடப் போவதில்லை, மேலே மார்க்கரில் எழுதி ஒட்டியாயிற்று), விளிம்பைச் சுற்றிக் கருப்பு டேப், இப்போது பீரோ மேல் இருக்கிறது. மே முதல் ஞாயிறு திறக்கிறேன். அதற்குள் வெயில் எங்கே போய் நிற்குமோ, மூன்று ட்ரே ஐஸ் முந்தின நாளே போட்டு வைக்க வேண்டும், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் ஜூஸ் கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.